பெண்கள் லாக்ரோஸ் பயிற்சியாளர்: அமெரிக்கக் கல்லூரிகளில் இது என்ன வேலை?

2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழு மும்பையில் கூடியது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் சேர்க்கப்படுகிறது என்ற செய்தி அங்கிருந்துதான் வந்தது. நம் பத்திரிகைகளில் அன்று முழுக்க அதே பேச்சு. அதே தீர்மானத்தில் இன்னும் நான்கு விளையாட்டுகளுக்கும் இடம் கிடைத்தது. அதில் ஒன்று லாக்ரோஸ். நம்மில் பலருக்கு அந்தப் பெயர் அறிமுகமானதே அன்றுதான்.

அந்த விளையாட்டைவிட, அதைச் சுற்றி அமெரிக்காவில் வளர்ந்திருக்கிற ஒரு தொழில்தான் எனக்கு அதிக ஆச்சரியம் தருவது. கல்லூரிப் பெண்கள் லாக்ரோஸ் அணியின் பயிற்சியாளர் என்ற தொழில். நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் ஒரு பி.டி. மாஸ்டர் நினைவுக்கு வருவார். கபடி, வாலிபால், தடகளம், ஸ்போர்ட்ஸ் டே எல்லாவற்றையும் அவர் ஒருவரே இழுத்துக்கொண்டு போவார். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே விளையாட்டுக்கு, அதுவும் பெண்கள் அணிக்கு மட்டும், தனியாக ஒரு தலைமைப் பயிற்சியாளர் இருப்பார். அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள், வருடம் முழுக்கச் சம்பளம், பயணத்துக்கும் உபகரணங்களுக்கும் தனி நிதி. கல்லூரி விளையாட்டை அங்கே மூன்று பிரிவுகளாக நடத்துகிறார்கள், முதல் பிரிவுதான் உச்சம். மூன்றையும் சேர்த்தால் அந்த நாட்டில் 500க்கு மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் லாக்ரோஸ் அணி இருக்கிறது.

முதலில் ஆட்டம். லாக்ரோஸ் வட அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது. குறிப்பாக ஹோடெனொஷோனி மக்களுக்கு அது படைத்தவன் தந்த ஆட்டம், நோய் தீர்க்கும் ஆட்டம். லாக்ரோஸ் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. நீண்ட கம்பின் நுனியில் சிறிய வலைப்பை கட்டியிருக்கும். அந்தப் பையில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, வீசி, பிடித்து, எதிரணியின் கோலுக்குள் அடிக்க வேண்டும். ஓடும்போது பந்து விழாமல் இருக்கக் கம்பை லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு 'கிரேடில்' என்று பெயர். கிரேடில் என்றால் தொட்டில். பார்த்தால் உண்மையிலேயே தொட்டில் ஆட்டுவது போலத்தான் இருக்கும்.

பெண்கள் ஆடியது எப்படி என்பது தனிக்கதை. லூயிசா லம்ஸ்டன் என்ற ஆசிரியை 1884-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் இந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கிப்போனார். ஸ்காட்லாந்தில் அவர் தலைமை ஆசிரியையாக இருந்த செயின்ட் லியோனார்ட்ஸ் பள்ளியில் 1890-ல் பெண்களின் முதல் ஆட்டம் நடந்தது. அந்தப் பள்ளியில் படித்த ரோசபெல் சின்க்ளேர் அமெரிக்கா போய், 1926-ல் பால்டிமோரில் இருக்கும் பிரின் மார் பள்ளியில் பெண்கள் லாக்ரோஸைத் தொடங்கினார். இந்த விளையாட்டு அமெரிக்கப் பெண்களிடம் போய்ச் சேர்ந்ததே, ஒரு பள்ளியில் கற்றவர் இன்னொரு பள்ளியில் கற்றுக்கொடுத்ததால்தான். இன்று வரைக்கும் இந்தத் தொழில் அப்படியே வாழையடி வாழையாகத்தான் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஆண்கள் ஆட்டத்தில் தலைக்கவசம் உண்டு, உடம்பால் மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் உடல் மோதல் கூடாது. கோல்கீப்பரைத் தவிர மற்றவர்களுக்குக் கண் கவசமும் வாய்க்காப்பும்தான். அணிக்கு 12 பேர். 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். பந்து கையில் இருக்கும் அணி 90 வினாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். பெரிய தவறு செய்தால் மஞ்சள் அட்டை, இரண்டு நிமிடம் வெளியே. விதிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒரு பயிற்சியாளர் எதற்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறார் என்று தெரிய 'டிரா' ஒன்றைப் பார்த்தால் போதும்.

மைதான நடுவில் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் நிற்பார்கள். இரண்டு கம்புகளின் வலைப்பைகளும் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கும், நடுவில் பந்து. விசில் ஊதியதும் இருவரும் கம்பை மேலே இழுப்பார்கள். பந்து தலைக்கு மேலே எழும்பும். வட்டத்தின் ஓரத்தில் காத்திருப்பவர்கள் பாய்ந்து பிடிப்பார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் இப்படித்தான் மறுபடி தொடங்கும். கோல் வாங்கிய அணிக்குத்தான் பந்து என்ற விதி இங்கே கிடையாது. ஆகவே டிராவை விடாமல் ஜெயிக்கிற அணி கோல் போட்டு, பந்தை மறுபடி எடுத்து, மறுபடி கோல் போடலாம். ஐந்து கோல் முன்னிலை சில நிமிடங்களில் காணாமல் போவது இதனால்தான். மணிக்கட்டு வலிமை, எதிராளியின் உடலசைவைப் படிக்கும் கண், பந்து எந்தப் பக்கம் விழும் என்ற கணிப்பு எல்லாம் சேர்ந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து வளர்ப்பதற்கே பயிற்சியாளர்கள் பல வருடங்கள் செலவிடுகிறார்கள்.

சரி, ஆட்டத்தை விட்டு வேலைக்கு வருவோம்.

இப்படி ஒரு வேலை இருப்பதற்கே ஒரு சட்டம் பெரிய காரணம். 1972-ல் வந்த 'டைட்டில் நைன்'. மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டுக்கும் அது பொருந்தியது. ஒரு அமெரிக்க ஃபுட்பால் அணியில் நூறு ஆண்களுக்கு மேல் இருப்பார்கள். அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்றபோது, முப்பது பேருக்கு மேல் சேர்க்கக்கூடிய லாக்ரோஸ் பல கல்லூரிகளுக்குக் கைகொடுத்தது. என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்கள் லாக்ரோஸ் கோப்பையை 1982-ல் தொடங்கியது. முதல் கோப்பை மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு.

ஒரு பயிற்சியாளரின் வருடம் ஆகஸ்ட் கடைசியில், மாணவிகள் வளாகத்துக்குத் திரும்பும்போது ஆரம்பிக்கிறது. இலையுதிர் காலத்தில் பயிற்சியும் ஒன்றிரண்டு நட்பு ஆட்டங்களும். பிப்ரவரியில், வடக்கே இன்னும் பனி கிடக்கும்போதே, போட்டிகள் தொடங்கிவிடும். மே மாத இறுதியில் தேசிய இறுதிப்போட்டி. போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வீராங்கனைகளை விளையாட்டு வேலையில் ஈடுபடுத்தக் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு தர வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. விதி சொல்கிறது. பயிற்சியாளருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. அடுத்த எதிரணியின் ஆட்ட வீடியோவை வெட்டி ஒட்டுவது, பேருந்து, விமானம், விடுதி ஏற்பாடு, காயம்பட்ட பெண்ணின் மருத்துவரோடு பேசுவது, வேதியியல் தேர்வில் பின்தங்கிய பெண்ணுக்குப் படிப்பு உதவி தேடுவது, முன்னாள் மாணவிகளிடம் நன்கொடை கேட்பது. மைதானத்தில் நிற்கும் நேரம் மொத்த வேலையில் சிறு பகுதிதான்.

ஆனால் அந்த வேலையின் முதுகெலும்பு ஆள் எடுப்பதுதான். 'ரெக்ரூட்டிங்' என்று சொல்வார்கள். ஒரு கல்லூரி வீராங்கனை நான்கு சீசன்தான் ஆட முடியும். எவ்வளவு நல்ல அணியைக் கட்டினாலும் நான்கு வருடத்தில் அது முழுக்கக் கரைந்துவிடும். எனவே பயிற்சியாளர் எப்போதும் இரண்டு அணிகளை மனதில் வைத்திருப்பார். ஒன்று இன்று ஆடுவது. மற்றொன்று இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பது.

கோடை விடுமுறை முழுக்க இதற்கே போய்விடும். பத்து இருபது மைதானங்களில் ஒரே நேரத்தில் பள்ளிப் பெண்களின் கிளப் ஆட்டங்கள் நடக்கும். பயிற்சியாளர்கள் மடக்கு நாற்காலியும் சட்டை எண்களின் பட்டியலுமாக வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். பந்து கையில் இருக்கும்போது எல்லோரும்தான் அழகாகத் தெரிவார்கள். அனுபவசாலிகள், பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று வினாடியில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பார்ப்பார்கள். தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறாளா, திரும்பித் துரத்துகிறாளா? தவறு செய்த தோழியிடம் முகத்தைச் சுளிக்கிறாளா, முதுகில் தட்டிக்கொடுக்கிறாளா?

ஒரு காலத்தில் இந்தப் போட்டி எல்லை மீறிப் போனது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் சிறுமிகள்கூட "நான் இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன்" என்று வாய்மொழி வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்குத் தான் என்ன படிக்கப்போகிறோம் என்றே தெரியாது. இதை நிறுத்தச் சொல்லி முன்னின்று கேட்டவர்களே பயிற்சியாளர்கள்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2017 ஏப்ரலில் விதி மாறியது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ம் தேதி வரை கல்லூரிப் பயிற்சியாளர் யாரும் மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அந்த நாள் பிறந்ததும், நள்ளிரவு பன்னிரண்டு அடித்த கையோடு, நாடெங்கும் அந்தப் பிள்ளைகளின் செல்போன்கள் ஒலிக்கத் தொடங்கும்.

அப்புறம் பணம். முதல் பிரிவில் ஒரு அணிக்கு அதிகபட்சம் 12 முழு உதவித்தொகைகள் என்பதுதான் நெடுங்கால விதி. அணியில் இருப்பவர்களோ முப்பதுக்கு மேல். ஆகவே பன்னிரண்டைப் பிய்த்துப் பிய்த்துப் பங்கு வைக்க வேண்டும். ஒருத்திக்குப் பாதி, ஒருத்திக்குக் கால், சிலருக்கு ஒன்றும் இல்லை. பந்தியில் முப்பது இலை, பானையில் பன்னிரண்டு பேர் சோறு. யாருக்கு எவ்வளவு பரிமாறினோம் என்பது ஒரு குடும்பத்தின் கடன் சுமையை நேரடியாகத் தீர்மானிக்கும். இந்த வேலையின் மிகக் கனமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். 2025-ல் ஒரு பெரிய நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கணக்கு மாறியது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணியின் எண்ணிக்கைக்கு 38 என்று வரம்பு வந்தது. அதற்கு முன்பே, வீராங்கனைகள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறவும் வழி பிறந்திருந்தது. பதினாறு வயதில் தேடிக் கண்டுபிடித்து வளர்த்த பெண் இருபது வயதில் எதிரணிச் சட்டையில் நிற்கலாம். இளைய பயிற்சியாளர்கள் இப்படியொரு உலகத்துக்குள்தான் நுழைகிறார்கள்.

மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் கதையே வேறு. அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை தரவே முடியாது. படிப்பையும் அணியின் சூழலையும் காட்டித்தான் ஒரு பெண்ணை வரவழைக்க வேண்டும். ஒருவரே இரண்டு வேலை பார்ப்பதும் உண்டு. நியூ ஜெர்சி கல்லூரியின் ஷாரன் ஃப்ளூகர் இலையுதிர் காலத்தில் ஹாக்கி அணிக்கும் வசந்த காலத்தில் லாக்ரோஸ் அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராகப் பல பத்தாண்டுகள் இருந்தார். இரண்டிலும் தேசியக் கோப்பைகள் வென்றார். டிவி கேமரா எட்டிப் பார்க்காத மைதானங்களில் நடந்த சாதனை அது.

இந்தத் தொழிலுக்குள் எப்படி வருவது? பெரும்பாலும் கல்லூரியில் ஆடியவர்கள்தான் வருகிறார்கள். பட்டம் முடித்ததும் சிலர் முதுகலை படித்துக்கொண்டே சிறு ஊதியத்துக்கு உதவிப் பயிற்சியாளராகச் சேர்வார்கள். பிறகு முழுநேரத் துணைப் பயிற்சியாளர். தாக்குதல், தற்காப்பு, கோல்கீப்பர், டிரா என்று ஏதாவது ஒன்றுக்கு அவர் பொறுப்பு. கோடையில் முகாம்களில் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூடுதல் வருமானம். பல வருடங்களுக்குப் பிறகு ஏதோ ஒரு சிறிய கல்லூரியில் தலைமைப் பொறுப்பு. இதற்குள் மூன்று நான்கு ஊர் மாறியிருப்பார்கள். குழந்தை பிறந்த பிறகு இந்த அலைச்சலைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜென் ஆடம்ஸ் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆடி, லயோலா பல்கலைக்கழக அணியின் தலைமைக்கு வந்தார். அதே நாட்டின் ஹன்னா நீல்சன் நார்த்வெஸ்டர்னில் ஆடி, 2008, 2009 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான டெவாரட்டன் விருதை வாங்கி, பிறகு மிச்சிகன் அணியின் பயிற்சியாளரானார்.

ஒரு வேதனையான விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1972-ல் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான் பயிற்சியாளர்கள். சட்டம் வந்து, அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்தபோது, அந்த வேலைகளுக்கு ஆண்கள் வந்தார்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவு. லாக்ரோஸ் இதில் விதிவிலக்கு. இங்கே தலைமைப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் இன்னும் பெண்களே. ஏன் என்று கேட்டால், சிண்டி டிம்சாலின் கதையில் பதிலின் ஒரு பகுதி இருக்கிறது.

டிம்சால் 1982-லிருந்து ஒன்பது சீசன்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி தந்தார். பிறகு மேரிலாந்து. அங்கே எட்டு தேசியக் கோப்பைகள். அதில் 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு. ஆண்கள் லாக்ரோஸில் பெரும்புகழ் பெற்ற கேரி கெயிட்டைத் துணைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, ஆண்கள் ஆட்டத்தின் கம்பு வித்தைகளைத் தன் வீராங்கனைகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். பெண்கள் ஆட்டத்தின் முகமே அதனால் மாறியது. பின்னாளில் முதல் பிரிவில் 500 வெற்றிகளைத் தாண்டிய முதல் பெண்கள் லாக்ரோஸ் பயிற்சியாளரும் அவர்தான்.

அவர் விட்டுவந்த நார்த்வெஸ்டர்ன், 1990களின் தொடக்கத்தில் பெண்கள் லாக்ரோஸ் அணியையே கைவிட்டுவிட்டது. பத்தாண்டு கழித்து அதை மறுபடி எழுப்பப் போனவர் கெல்லி அமான்டி ஹில்லர். மேரிலாந்தில் டிம்சாலிடம் ஆடி இரண்டு கோப்பை வென்றவர். நார்த்வெஸ்டர்ன் இருப்பது சிகாகோ பக்கம். லாக்ரோஸின் கோட்டை கிழக்குக் கடற்கரை. பெயர்பெற்ற பள்ளி வீராங்கனைகள் எதற்காக அங்கே வருவார்கள்? வளாகத்தில் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளைப் பார்த்து, "அணிக்கு வருகிறீர்களா?" என்று அவர் கேட்டார். அவர்கள் அதுவரை லாக்ரோஸ் ஆடியதே இல்லை. ஓடும் கால் இருக்கிறது, கம்பைப் பிடிக்க நான் சொல்லித்தருகிறேன் என்ற துணிச்சல். 2002-ல் முதல் சீசன். 2005-ல் அந்தச் சகோதரிகள் இருவரையும் உள்ளடக்கிய அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 21 வெற்றிகளோடு தேசியக் கோப்பையை வாங்கியது. அதிலிருந்து 2009 வரை தொடர்ந்து ஐந்து.

ஆறாவதைத் தடுத்தது யார் தெரியுமா? 2010 இறுதியில் மேரிலாந்து. அதன் பயிற்சியாளர் கேத்தி ரீஸ். அவரும் டிம்சாலிடம் ஆடியவர்தான்.

எல்லோருக்கும் இவ்வளவு வேகமாகப் பழம் பழுப்பதில்லை. ஜென்னி லெவி 1996-ல் வட கரோலினா அணியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கினார். முதல் கோப்பை 2013-ல், பதினெட்டாவது சீசனில், மூன்று கூடுதல் நேரம் ஆடிய பிறகு. அதன் பிறகு 2016, 2022, 2025 என்று மூன்று. அமான்டி ஹில்லரும் 2012-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2023 வரை காத்திருந்தார். இந்தத் தொழிலில் கோப்பை இல்லாத வருடங்கள்தான் அதிகம். அந்த வருடங்களிலும் முப்பது பெண்கள் வந்து, படித்து, பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் சிலர் தாங்களும் பயிற்சியாளர்கள் ஆனார்கள்.

டிம்சால் 2006-ஓடு மேரிலாந்தை விட்டார். எட்டுக் கோப்பை வாங்கிய இடத்திலிருந்து அவர் போனது அன்னாபொலிஸ் கடற்படை அகாடமிக்கு. அங்கே அப்போது இருந்தது கிளப் அளவிலான அணி. எதிர்காலக் கடற்படை அதிகாரிகளான பெண்களை வைத்து மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தார். 2017-ல் அந்த அணி தேசிய அரையிறுதிக்கு வந்தது. ராணுவ அகாடமி ஒன்றின் பெண்கள் அணி என்.சி.ஏ.ஏ. போட்டியில் அந்தக் கட்டத்தை எட்டியது அதுவே முதல்முறை.

பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோவில் நடந்தது அந்த அரையிறுதி. நான்கு அணிகள். மேரிலாந்துக்குக் கேத்தி ரீஸ். பென் ஸ்டேட்டுக்கு மிஸ்ஸி டோஹெர்ட்டி. பாஸ்டன் கல்லூரிக்கு அகேஷியா வாக்கர். கடற்படைக்கு டிம்சால். அந்த மூன்று பெண்களுமே மேரிலாந்தில் டிம்சாலிடம் ஆடியவர்கள். கடற்படை 15-க்கு 16 என்ற கணக்கில், ஒரே ஒரு கோலில், வாக்கரின் அணியிடம் தோற்றது. இறுதியில் வாக்கரின் அணியை ரீஸின் மேரிலாந்து வென்றது.